கடிதத்தில் வரலாறு – 12: கணப்பு நட்டநடுவில் இருக்கட்டும்

சென்ற வாரம் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவைப் பார்த்தோம். கட்டியதை இடித்து, இடித்ததைக் கட்டி வாழ்ந்தவர் அவர். அவருக்கு மூத்தவரான ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் வீடு கட்டும் பைத்தியம் இருந்தது. ஆனால் அவர் கட்டியது பெரும்பாலும் தபாலில்!

1776 செப்டம்பர் 30. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் நடக்கிறது. மன்ஹாட்டனின் வட பகுதியில், ஹார்லெம் மேட்டில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன். வீடு கர்னல் ரோஜர் மோரிசுடையது. 1755-இல் பிரிட்டிஷ் தளபதி பிராடக் நடத்திய படையெடுப்பில் இருவரும் அவருடைய உதவியாளர்கள். இப்போதோ மோரிஸ் ராஜ விசுவாசி. வீட்டை விட்டுப் போய்விட்டார். பழைய சகாவின் வீடு எதிரணித் தலைமையகமாகிவிட்டது.

அந்த ஒரு மாதத்தில் வாஷிங்டன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகஸ்ட் 27-இல் லாங் ஐலண்டில் தோல்வி. இரண்டு நாள் கழித்து, இரவோடு இரவாகப் படகுகளில் படையை மீட்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 15-இல் கிப்ஸ் விரிகுடாவில் பிரிட்டிஷ்காரர்கள் இறங்கியதும், இவர் ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். 21-ஆம் தேதி அதிகாலையில் நியூயார்க் நகரம் பற்றி எரிந்தது.

கடிதம் போவது வர்ஜீனியாவில் உள்ள அவருடைய பண்ணை வீடான மவுண்ட் வெர்னனுக்கு. அங்கே பண்ணையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் லண்ட் வாஷிங்டன், தூரத்துப் பங்காளி. அவரிடம் மனதைக் கொட்டுகிறார் ஜார்ஜ். பிறந்ததிலிருந்து இப்படியொரு நிம்மதியற்ற நிலையில் இருந்ததில்லை என்கிறார். பரம எதிரியைச் சபிப்பதென்றால், தன் இடத்தில் அவனை நிறுத்துவதைவிடப் பெரிய சாபம் இல்லையாம். குறுகிய காலத்துக்கு வந்து போகும் குடிப்படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விலகிவிடலாமென்றால், விலகினால் எல்லாம் பாழாகும் என்கிறார்கள்.

அதே கடிதத்தில், வீட்டில் நடக்கும் கட்டட வேலைக்கும் புகைபோக்கிக்கும் வந்துவிடுகிறார்.

கொஞ்சம் வேலை மிச்சமாகும் என்பதற்காகக் கணப்புகளின் அழகைக் கெடுத்துவிடாதே. வரவேற்பறையில் இருப்பது அப்படியே இருக்கட்டும். மாடி அறையில் முடிந்தால் மற்ற அறைகளைப் போல மூலைக் கணப்பு வைக்கலாம். அதற்காகத் தடுப்புச் சுவரை இடிக்க வேண்டாம். புதிய அறையில் மட்டும் கணப்பு நட்டநடுவில் நிற்க வேண்டும். கதவுகளும் மற்றவையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும். நிலவறைக்கு ஜன்னல் எங்கே வைப்பது என்பதுவரை சொல்கிறார்.

போரின் வேதனையை மறக்க வீட்டு நினைவில் தஞ்சம் புகுந்தார் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது தஞ்சம் தேடும் குரலா? தளத்தில் நின்று மேஸ்திரியை விரட்டும் குரல். குடிப்படையிடம் எதிர்பார்த்து ஏமாந்த ஒழுங்கைத்தான் தச்சர் கோயிங் லான்ஃபியரின் ஆட்களிடமும் கேட்கிறார். இத்தனைக்கும் வேலை நடக்கும் இடத்தை அவர் கண்ணால் பார்த்தே ஓராண்டுக்கு மேலாகிறது. 1775 மே மாதம் கிளம்பியவர், 1781 செப்டம்பரில் யார்க்டவுன் போருக்குப் போகும் வழியில்தான் மறுபடி வீட்டு வாசலை மிதித்தார்.

இவ்வளவு கறாராக இருந்தும், மவுண்ட் வெர்னனின் மேற்கு முகப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஜன்னல்கள் சம இடைவெளியில் இல்லை. தந்தை அகஸ்டின் கட்டிய பழைய வீட்டின் மேல் 1758-இல் ஒரு தளம் ஏற்றினார்கள். 1774-இல் இரு பக்கமும் நீட்டத் தொடங்கினார்கள். பழையதை இடிக்காமல் கூட்டிக் கூட்டிக் கட்டினால் எந்த ஆசாரியாலும் அளவை நேராக்க முடியாது. சுவரோ கல் இல்லை. பலகையைச் செதுக்கி, ஈர வண்ணத்தில் மணல் தூவிக் கல்லாகக் காட்டிய வேலை.

1781 வசந்தத்தில் போடோமாக் ஆற்றில் சாவேஜ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்தது. வீட்டைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயந்த லண்ட், கப்பலுக்குப் போய் உணவுப்பொருள் கொடுத்துச் சமாளித்தார். விஷயம் தெரிந்ததும் ஏப்ரல் 30-இல் வாஷிங்டன் எழுதிய கடிதத்தில் அனல் பறக்கிறது: எதிரிக்கு நீ சோறு போட்டதைக் கேட்பதைவிட, வீட்டை எரித்துப் பண்ணையைப் பாழாக்கினார்கள் என்று கேட்டிருந்தால் எனக்கு வேதனை குறைவாக இருந்திருக்கும். எழுதியது கணப்பு அரை அங்குலம் நகரக்கூடாது என்ற அதே ஆள்தான்.

அந்தக் கப்பலில் அவருடைய அடிமைகள் 17 பேர் தப்பிப் போனார்கள். மவுண்ட் வெர்னனில் மரம் இழைப்பதிலிருந்து மண் சுமப்பதுவரை உழைத்தவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். யார்க்டவுனில் வென்ற பிறகு, தப்பிப் போனவர்களில் சிலரை வாஷிங்டன் மீண்டும் பிடித்து மவுண்ட் வெர்னனுக்கே கொண்டுவந்தார்.

(தொடரும்)