தேர் ஓடும் ஊர்

சகோதரி, பட்டணத்து அடுக்கு வீட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? திருவாரூருக்கு வாருங்கள், முன்பின் அறியாதவர்கூட, "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்பார். பெண் வீடு திரும்பச் சற்றுத் தாமதமானால் தெருவே விசாரிக்கும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பட்டணம் போனவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் தேர் நாளன்று பாருங்கள்! அலங்காரம் முடிந்தால் ஆழித் தேரின் உயரம் 96 அடி. 1948-க்குப் பின் நின்றுபோன அது, 1970-ல் மீண்டும் ஓடியது. இன்று இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. பின்னாலிருந்து தள்ள இயந்திரமும் உண்டு. ஆனாலும் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். துருவித் துருவி விசாரித்தாரே, அந்த மனிதரும் அங்கே நிற்பார். "அம்மாவுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கப்பா!" என்று உங்களையும் வடத்தருகே அழைப்பார். அந்த உரிமையை எந்தப் பட்டணத்தில் தேடுவது?