தாங்கச் சொல்வது யாரை?

2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலும், பதினொன்றாம் வகுப்பிலும் பாடத்திட்டம் மாறியது. சொந்தத் தேர்வு வாரியம் இல்லாத யூனியன் பிரதேசம் இது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்துவந்தன. அது போய் சிபிஎஸ்இ வந்தது. நீட் போன்ற தேர்வுகள் என்சிஇஆர்டி புத்தகத்தைச் சுற்றியே நடக்கும்போது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அதே புத்தகம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

ஆனால், அந்த மாற்றத்தைச் சுமந்தது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தோள்கள். ஏழாம் வகுப்பில் தமிழ்நாட்டின் சமச்சீர்ப் பாடத்தைத் தமிழில் படித்த பிள்ளைகள் பலர், எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் மூச்சுவிட நேரமில்லை. 2024இல் ஆறாம் வகுப்புக்கும், 2025இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் என்சிஇஆர்டி புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தது. ஆசிரியருக்கும் அது புதுப் புத்தகம்தான்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இந்தச் சுமையைப் பங்குபோட வீட்டில் ஆள் குறைவு. காலையிலேயே வயலுக்கோ கம்பெனி ஷிஃப்டுக்கோ கிளம்பிவிடும் அம்மாவும் அப்பாவும் “படிச்சியா?” என்று கேட்கலாம், ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லித்தர முடியாது. அந்த இடத்தை டியூஷன் பிடித்துக்கொள்கிறது. பள்ளி விட்டு, டியூஷன் போய், வீட்டுப்பாடம் முடிக்கையில் இரவாகிவிடும். முதலில் பறிபோவது விளையாட்டு. அடுத்தது தூக்கம்.

சோர்வுக்கு மூன்று முகம்

உலக சுகாதார நிறுவனம் ‘பர்ன்-அவுட்’ என்பதை வேலை செய்யும் இடத்துக்கு உரியதாகவே வகைப்படுத்துகிறது. பிள்ளைகளுக்கும் அது உண்டு என்று அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் பின்லாந்தின் உளவியலாளர் கதரீனா சல்மெலா-ஆரோ. 2009இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: படிப்பால் வரும் களைப்பு, படிப்பின்மேல் விட்டுப்போகும் பிடிப்பு, தன்னால் ஆகாது என்ற எண்ணம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். “மண்டை காயுது” என்பது முதலாவது. “படிச்சு என்ன ஆவப்போவுது” என்பது இரண்டாவது. “எனக்கு வராது மிஸ்” என்பது மூன்றாவது. பெரியவர்கள் காதில் இவை முறையே சோம்பேறித்தனம், திமிர், மக்குத்தனம் என்று விழுகின்றன. தப்பு தொடங்கும் இடம் இதுதான். சோர்ந்த பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் சேர்த்துவிடுகிறோம்.

2022 ஜனவரி முதல் மார்ச் வரை என்சிஇஆர்டி நாடு முழுவதும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்டது. பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, தேர்வு, ரிசல்ட் என்றவர்கள் 81 சதவீதம். இந்த எண்தான் தலைப்புச் செய்தி ஆனது. அதே ஆய்வில் 28 சதவீதம் பேர் கேள்வி கேட்கத் தயங்குவதாகச் சொன்னார்கள். கிராமத்துப் பள்ளிக்கு இந்த இரண்டாவது எண்தான் அதிகம் உறைக்க வேண்டும். புரியாத மொழியில் பாடம், புரியவில்லை என்று சொல்லத் தயக்கம். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது மனப்பாடம்தான். புரியாமல் மனப்பாடம் செய்வதைப்போலக் களைக்கவைக்கும் வேலை வேறில்லை.

உறுதி எங்கிருந்து வருகிறது?

“இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்கும் சக்தி இல்லை” என்பது சுலபமான தீர்ப்பு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என மிகவும் கடினமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களின் இயல்பும் அதற்கு ஒரு காரணம். கூடவே, தங்களை நம்பும் ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார்: பாட்டியாக, அக்கம்பக்கத்தாராக, ஆசிரியராக. தாங்கும் சக்தியில் பாதி, தாங்க ஆள் இருப்பது.

படிக்கும் பிள்ளைகளை ஊர் தாங்க வேண்டும் என்பது பாகூருக்குப் புதிய பாடமல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்கின்றன. அது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்த பள்ளி அல்ல. அந்தக் காலத்தை மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், ஒரு கல்விக்கூடம் நடக்க மூன்று ஊர்களின் வருவாய் தேவை என்ற கணக்கு சரியான கணக்கு. இன்று அந்தச் செலவைப் பிள்ளையின் தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் எடுக்கிறோம்.

செய்ய முடிந்தவை பெரிய காரியங்கள் இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும் என்று வகுப்பறையில் வெளிப்படையாகச் சொல்லலாம். பிடி பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருக்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை புத்தகப்பை இல்லாத பத்து நாட்களைத் தேசியக் கல்விக் கொள்கையே பேசுகிறது. அந்த நாட்களில் பிள்ளைகளை நெல்வயலுக்கும் ஏரிக்கரைக்கும் கூட்டிப்போகலாம். வீட்டில் மார்க் கேட்பதற்கு முன் “சாப்டியா, தூங்குனியா” என்று கேட்கலாம். வாரக்கணக்கில் பேச்சு குறைந்தால், அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பாடத்திட்டத்தை மாற்ற ஓர் அரசாணை போதும். அதற்கு ஏற்ற பயிற்சியை ஆசிரியருக்கும், மொழிக்குப் பழக அவகாசத்தைப் பிள்ளைக்கும் கொடுப்பதும் அதே ஆணையின் பாகம்தான். அதைக் கொடுக்காமல் பிள்ளையை மட்டும் “தாங்கிக்கோ” என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.