எல்லை தாண்டிய நூல்கள்

பார்வையற்றோர் ஒரு நூலைப் படிக்க வேண்டுமென்றால், முதலில் அதனைப் பிரெய்ல் எழுத்திலோ ஒலிநூலாகவோ மாற்ற வேண்டும. உலகில் வெளிவரும் நூல்களில் பத்து விழுக்காடுகூட அவ்வாறு மாற்றப்படுவதில்லை என உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் மதிப்பிட்டது. இந்நிலையைப் ‘புத்தகப் பஞ்சம்’ என்றே பலர் அழைத்தனர்.

இதற்குப் பணப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. பதிப்புரிமைச் சட்டமும் ஒரு தடையாக இருந்தது. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் இத்தகைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆயினும், ஸ்பானிய மொழி பேசும் பிற நாடுகளுக்கு அவற்றை அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. ஒருவர் செய்து முடித்த வேலையையே மற்றவர் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. எவ்வளவு வீண் உழைப்பு!

பார்வையற்றோர் அமைப்புகளும் அனைத்துலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் இதனை மாற்றப் பல ஆண்டுகள் வாதாடின. வருமானம் குறையுமோ எனப் பதிப்பாளர்கள் சிலர் அஞ்சினர். பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் 2010இல் ஜெனீவாவுக்குச் சென்று நாடுகளின் பேராளர்களிடம் நேரில் வேண்டினார். உடன்பாடு கண்டால் வந்து பாடுவதாகவும் கூறினார். 2013 ஜூன் 27இல் மொரோக்கோவின் மராகேஷ் நகரில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அவரும் சொன்னபடியே அங்குச் சென்று பாடினார்.

அதனை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சிங்கப்பூர் 2015இலும் மலேசியா 2022இலும் இணைந்தன. இணைந்த நாடுகளின் நூலகங்கள் இன்று இத்தகைய நூல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம்.