கார் பேட்டரி கைகொடுக்குமா பாஸ்?

மொட்டை மாடியில சோலார் பேனல் மாட்டியாச்சு. அடுத்து பேட்டரி! பழைய கார் பேட்டரி சல்லிசா கிடைக்குதேன்னு ஓடிடாதீங்க. இன்ஜினைக் கிளப்ப, சில விநாடி கரன்ட்டை அள்ளிக் கொடுக்கத்தான் அதோட மெல்லிய தகடுகள். ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினா சீக்கிரமே படுத்துடும்.

பட்ஜெட் பார்ட்டிகளுக்கு டியூபுலர்தான் தோஸ்த். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர்னா 1,800 வாட்-ஹவர். ஆனா பாதிக்கு மேல உறிஞ்சினா ஆயுசு குறையும். ஆக, கைக்கு வர்றது 900. 75 வாட் ஃபேன் ஒண்ணு, 9 வாட் எல்.இ.டி. ரெண்டு... இன்வெர்ட்டர் தின்னது போக எட்டு மணி நேரம் தேறும். பத்தலையா? இன்னொரு பேட்டரி வேணாம். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மாறுங்க. நேரம் கிட்டத்தட்ட டபுள்!

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்? 80 சதவிகிதம் வரை உறிஞ்சலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற வேலையும் இல்லை. பர்ஸ்தான் பழுத்துடும்.

கடையில லேபிளைப் பாருங்க. சி20ன்னா அந்த 150, இருபது மணி நேரம் மெதுவா இழுத்தாத்தான் கிடைக்கும். சோலாருக்கு சி10 கேட்டு வாங்குங்க.