புறம்போக்கு மரத்துக்கு யார் கேட்பது?



போன கோடை லீவுக்கு எங்க ஆயா ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ஏரிக்குப் பக்கத்துல மேய்க்கால் நிலம் இருக்கு. வேம்பு, புங்கன், கருவேலமரம் எல்லாம் நிறைய இருந்தது. ஆயாவிடம் ஆறு ஆடு. வெயில் காலத்துல அந்தக் கருவேலங்காய்தான் ஆட்டுக்குத் தீனி. ஆனா நான் போனப்ப பாதிக்கு மேல வெறும் அடிக்கட்டைதான் நின்றது.

"ஏலம் விட்டுட்டாங்க கண்ணு" என்றார் ஆயா.

"ஏன் ஆயா, யாருமே போய் கேக்கலையா?"

"அது பொறம்போக்கு மரம். நம்ம பேர்ல பட்டாவா இருக்குது? யார் போய் கேக்கறது?"

தீனி இல்லாமல் ரெண்டு ஆட்டை வித்துட்டாங்க. ஆயா கேட்ட கேள்வி எனக்கு மறக்கவே இல்லை. டீச்சரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புறம்போக்கு என்றால் என்ன?

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றுதான் நாம நினைக்கிறோம். அது தப்பு. தீர்வை விதிக்காமல், ஊர்ப் பொதுவுக்கு என்று ஒதுக்கி வைத்த நிலம்தான் மேய்க்கால், களம், ஏரி, பாதை எல்லாம். 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பஞ்சாபில் ஒரு ஊர்க் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு அது. பொது நிலத்தை மீட்டு ஊர் மக்கள் உபயோகத்துக்கே விட எல்லா மாநிலமும் திட்டம் போட வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். அந்த ஆங்கிலத் தீர்ப்பில் 'புறம்போக்கு' என்ற நம்ம தமிழ்ச் சொல்லே வருகிறது!

எல்லா ஏலமும் தப்பா?

இல்லை. ஏலப் பணம் தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று ஊருக்கே உதவலாம். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. ஆனால் முறைப்படி நடக்க வேண்டும். ஊருக்குத் தெரிய அறிவிப்பு செய்ய வேண்டும். அரசு நிலத்து மரத்தை வெட்ட அனுமதி தருவதற்கென்றே 2021-ல் தமிழ்நாட்டில் மாவட்டப் பசுமைக் குழு அமைத்தார்கள். கலெக்டர்தான் அதற்குத் தலைவர்.

கேட்டவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். சிப்கோ இயக்கம் நமக்குத் தெரியும். இமயமலையில் ரேணி கிராமத்துக் காட்டு மரங்கள் ஏலம் போயின. 1974 மார்ச் 26 அன்று வெட்ட வந்தவர்களை கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மறித்து நிறுத்தினார்கள்.

கர்நாடகத்தில் கோர்ட்டுக்கே போனார்கள். 1984-ல் அங்கே சுமார் 75,000 ஏக்கர் பொது நிலத்தை, தைல மரம் வளர்க்க ஒரு கூட்டுக் கம்பெனிக்குக் கொடுக்க அரசு ஒப்பந்தம் போட்டது. ஆடு மாடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம் அது. எழுத்தாளர் சிவராம காரந்தும், சமாஜ பரிவர்த்தன சமுதாயா என்ற அமைப்பும் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். 1987 மார்ச்சில் தடை கிடைத்தது. அதே வருஷம் நவம்பர் 14 அன்று குஸ்னூர் கிராமத்தில் மக்கள் தைலக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு நாட்டு மரக்கன்று நட்டார்கள். 1991-ல் அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வோட்டர் லிஸ்டில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்.

2. தீர்மானம் எங்கே, அனுமதி எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. அவசரம் என்றால் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டு, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எவ்வளவு வருமானம் இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தாலுக்கா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் விசாரிக்கலாம்.

ஒன்று மட்டும் முக்கியம். வெட்டுவதற்கு முன்னாடியே கேட்க வேண்டும். வெட்டின பிறகு ஜெயித்தாலும் மரத்தை ஒட்ட வைக்க முடியாது.

நம்ம இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி சிப்காட் வந்த பிறகு, கண்டெய்னர் லாரிக்கு நடுவுலதான் ஆடு மாடு நடக்குது. மிச்சம் இருக்கிற நிழல் நமக்கு ரொம்பப் பெரிசு.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏல நோட்டீஸ் ஒட்டியிருந்தாலும் அது அவங்களுக்கு வெறும் காகிதம்தான். ஆனா நமக்குப் படிக்கத் தெரியுமே! பதினெட்டு வயசு ஆகாததால் கிராம சபையில் நாம உறுப்பினர் இல்லை. நோட்டீஸைப் படித்துச் சொல்லலாம், மனு எழுதிக் கொடுக்கலாம். ஆயா ஊரில் இன்னும் பதினோரு புங்கமரம் மிச்சம் இருக்கு. அடுத்த கிராம சபைக்கு ஆயாவை நானே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். மனு இப்பவே எழுதி வைத்துவிட்டேன்.

மரம் நடுவோம்! நட்ட மரத்துக்காகக் கேள்வியும் கேட்போம்!



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி