இலைகள் இறைக்கும் நீர்

நண்பகலில் பெயர்த்து நட்ட கன்று மாலைக்குள் தலை சாய்ந்துவிடுகிறது. ‘குடம் குடமாய் நீர் ஊற்றினேனே!’ என்று வருந்துகிறோம். குறை நீரிலன்று, அது மேலேறும் வழியில் உள்ளது.

காற்றை உறிஞ்சி நீரேற்றும் பம்பு எதுவும் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை இழுக்காது. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களோ 100 மீட்டரைக் கடந்தும் உச்சி இலைக்கு நீர் ஊட்டுகின்றன. எவ்வாறு?

இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. ஒன்றையொன்று பற்றி நிற்கும் நீர்த்துகள்கள், கிணற்றுக் கயிறுபோல் வேரிலிருந்து மேலிழுக்கப்படுகின்றன. இவ்விளக்கத்தை 1894-இல் டிக்சன், ஜோலி எனும் டப்ளின் அறிஞர்கள் அளித்தனர். அதற்கும் முன்பே ஸ்டீபன் ஹேல்ஸ் எனும் ஆங்கிலேயர், சூரியகாந்தித் தொட்டியை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடையிட்டு இவ்விழப்பை அளந்தார். 1727-இல் நூலாகவும் வெளியிட்டார்.

வேர் பருகும் நீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இவ்வாறே காற்றில் கலக்கிறது. இது வீணன்று. மண்ணின் சத்துக்களை மேலேற்றுவதும், வெயிலில் இலையைக் குளிர்விப்பதும் இந்நீரோட்டமே. துளை திறந்தால்தான் உணவாக்கத்திற்குரிய கரியமில வாயுவும் உட்புகும்.

கன்றைப் பெயர்க்கும்போது மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்துவிடுகின்றன. வரவு குன்றுகிறது, இலைகளின் செலவோ தொடர்கிறது. குடும்பக் கணக்கறிந்த நமக்கு இது புரியாததன்று.

ஆகவே வாசகர்களே, வெயில் தாழ்ந்தபின் நடுங்கள். சில இலைகளைக் கிள்ளிவிடுங்கள். புதுவேர் பிடிக்கும்வரை ஓலை நிழல் தாருங்கள். கன்று பிழைக்கும்.