எச்.ஐ.வி. உள்ளோரின் மனத்துயரும் நமது கடமையும்

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில், சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை, இன்று எல்லா மாவட்டத்தாருக்கும் எட்டியுள்ளது. மருந்தை நாள்தோறும் உண்பவர் மற்றவரைப் போலவே உழைத்து நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையே நீடிக்குமாயின், உடலுறவின் வழியாகவும் அது பிறருக்குத் தொற்றுவதில்லை.

ஆயினும், ஆற்றில் நீர் பெருகினாலும் மடை அடைபட்டால் வயல் காயுமன்றோ? இங்கே மடையை அடைப்பது மனத்துயர். எச்.ஐ.வி. உள்ளோரிடையே மனச்சோர்வும் பதற்றமும் மற்றவரைவிட மிகுதி. மனம் சோர்ந்தவர் மருந்தைக் கைவிடுகிறார். கிருமி மீண்டும் பெருகுகிறது. சில வேளைகளில் அதே மருந்துக்கு அது பணியாமலும் போகிறது.

நமது வட்டாரத்தில் கணவரை இழந்த தாய் ஒருவர் ஆடு வளர்த்துப் பிழைத்து வருகிறார். அவர் இசைந்ததால், ஊரும் பேரும் நீக்கி இதனை எழுதுகிறோம். எட்டாண்டுகள் தவறாமல் மாத்திரை உண்டவர் அவர். மகளுக்கு மணம் பேசத் தொடங்கியதும் செய்தி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, மாத்திரைப் புட்டியை வைக்கோற்போரில் ஒளித்தார். பின்னர் உண்பதையே நிறுத்தினார். உறக்கமும் உணவும் குறைந்தன. ஊராட்சி உறுப்பினரான அம்மையார் ஒருவர் அவரது மெலிவைக் கண்டார். என்ன நோய் என்று கேட்கவில்லை, “ஆஸ்பத்திரிக்குப் போய் வா, அம்மா, ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவ்வொரு சொல்லே வழி திறந்தது. மனநலச் சிகிச்சை பெற்று, இன்று அத்தாய் மீண்டும் மாத்திரை உண்டு வருகிறார்.

இத்துயருக்குக் காரணங்கள் பல. துணையை இழந்த துக்கம், பிள்ளைகளைப் பற்றிய கவலை, ஊரார் ஒதுக்குவர் என்னும் அச்சம் ஆகியவை முதன்மையானவை. கிருமியும் மூளையைப் பாதிக்கக்கூடும். முன்னர்ப் பெரிதும் வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகள் சிலருக்குக் கெட்ட கனவையும் சோர்வையும் தரும். அவ்வாறு நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்துதல் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, வேலையில் நாட்டமின்மை, காரணமற்ற படபடப்பு ஆகியவை நீடித்தால் அது சிகிச்சைக்குரிய நோய். நம்பிக்கை மையங்களிலும் கூட்டு மருந்து மையங்களிலும் உள்ள ஆலோசகர்கள் செவிகொடுத்துக் கேட்பர். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உள்ளனர். மருத்துவரின் அறிவுரைப்படி மனச்சோர்வுக்கான மருந்தையும் கூட்டு மருந்தோடு சேர்த்து உண்ணலாம். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். உயிரை வெறுத்துப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் செய்யத்தக்கவை எளியவை. ஒரே குழாயில் நீர் பிடிப்பதாலோ, உடனுண்பதாலோ, கொசுக்கடியாலோ இந்நோய் பரவாது என்று கிராம சபையில் எடுத்துரையுங்கள். எவரையும் சுட்டிப் பேசாதீர்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் பள்ளியிலும் குடியிருப்பிலும் இவர்களை ஒதுக்குவதைத் தடுக்கிறது; ஒருவரது நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது.

ஊர் வாயை அஞ்சியே பலர் வேறு மாவட்டத்து மையத்துக்குச் சென்று ஒருநாள் கூலியை இழக்கின்றனர். அவ்வச்சத்தை நீக்குவதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டுவதில்லை. பிறர் மறைவைக் காக்கும் நாவும், துயருற்றார்க்குத் துணைவரும் மனமும் இருந்தால் போதும். அவை நம் ஊர்களில் இல்லாதவை அல்ல.